வெள்ளைக்கோல் பயிற்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? இங்கிலாந்துக் கவுன்சில்களின் புலன் இழப்புச் சேவைகள்: ஓர் அறிமுகம்

லண்டனிலோ லெஸ்டரிலோ சாலையைக் கடப்பதற்குப் பொத்தானை அழுத்திவிட்டு நிற்கும்போது, அந்தப் பொத்தான் பெட்டியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பல இடங்களில், வரிவரியாகக் கீறல் போட்ட ஒரு சிறு கூம்பு விரலில் தட்டுப்படும். பச்சை விளக்கு எரிந்ததும் அது சுழலும். விளக்கைக் காண முடியாதவருக்கும், ஒலி எழுப்பினாலும் கேட்காதவருக்கும் கடக்கலாம் என்று சொல்லும் அறிகுறி அதுதான். அன்றாடம் அந்தச் சாலையைக் கடக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எழுபது வயதில் பார்வை மங்கிப்போன ஒருவருக்கு இதை யார் சொல்லித் தருவார்? மருத்துவமனை சொல்லித் தராது. கண்ணில் ஊசி போடுவது, சொட்டு மருந்து கொடுப்பது, அழுத்தம் பார்ப்பது ஆகியவற்றோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வெள்ளைக்கோலைப் பிடிப்பது எப்படி, கொதிக்கும் தண்ணீரைக் கோப்பையில் வழியாமல் ஊற்றுவது எப்படி, ஒரே மாதிரியான இரண்டு மாத்திரை டப்பாக்களைப் பிரித்தறிவது எப்படி என்பதையெல்லாம் வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுக்க ஒரு தொழில் இருக்கிறது. பார்வை மறுவாழ்வுப் பயிற்றுநர் என்று அவர்களைத் தமிழில் சொல்லலாம். அவர் வீட்டுக்கு வர வேண்டுமானால் உள்ளூர்க் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்று, கவுன்சிலே அவரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால், அவரை வேலைக்கு வைத்திருக்கும் தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும்.

எத்தனை பேருக்குத் தேவை இருக்கிறது என்று கணக்கெடுப்பது, என்ன சேவை வேண்டும் என்று தீர்மானிப்பது, யார் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பது, பணம் கொடுப்பது, ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, ஒப்பந்தம் முடியும்போது மறுபடி முதலிலிருந்து யோசிப்பது. இந்த முழுச் சுற்றுக்கும் அங்கே கமிஷனிங் என்று பெயர். கேட்பதற்கு அலுவலகக் கோப்பு வாசனை அடிக்கும் சொல்தான். ஆனால் பாட்டி தனியாகக் கடைக்குப் போவாரா, வீட்டுக்குள்ளேயே முடங்குவாரா என்பது பல நேரங்களில் அந்தக் கோப்பில்தான் முடிவாகிறது. இந்தக் கட்டுரை இங்கிலாந்தைப் பற்றியது. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

எந்தக் கவுன்சில், எந்த வேலை

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். சில ஊர்களில் குப்பை அள்ளுவது ஒரு கவுன்சில், முதியோர் பராமரிப்பைக் கவனிப்பது வேறொரு கவுன்சில். மாவட்டக் கவுன்சில், கவுண்டி கவுன்சில் என்று இரண்டு அடுக்குகள் உள்ள பகுதிகளில் சமூகப் பராமரிப்பு கவுண்டியின் பொறுப்பு. லண்டனில் இந்தக் குழப்பம் இல்லை; ஹாரோ, நியூஹாம், மெர்ட்டன், பிரென்ட் எங்கும் அந்தந்த பரோ கவுன்சிலே எல்லாவற்றையும் பார்க்கிறது. பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்புப் பொறுப்பு உள்ள கவுன்சில்கள் இங்கிலாந்து முழுவதும் சுமார் 150.

அடுத்தது, கவுன்சிலுக்கும் தேசியச் சுகாதாரச் சேவைக்கும் நடுவிலுள்ள கோடு. காது கேட்கும் கருவி சுகாதாரச் சேவையின் பொறுப்பு. கதவு மணி அடித்தால் பளிச்சென்று எரியும் விளக்கு கவுன்சிலின் பொறுப்பு. கண் அறுவைச் சிகிச்சை அங்கே. அறுவைக்குப் பிறகும் பார்வை திரும்பாதவருக்குச் சமையலறைப் பயிற்சி இங்கே. வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அது மத்திய அரசின் பொறுப்பு; வேலைவாய்ப்பு மற்றும் ஓய்வூதியத் துறையின் திட்டம். வழிகாட்டி நாயை இவர்களில் யாரும் தருவதில்லை. தொண்டு நிறுவனம் பொதுமக்களின் நன்கொடையில் வளர்த்துப் பழக்கித் தருகிறது. ஒரே மனிதருக்கு நான்கு கதவுகள். எந்தக் கதவு எதற்கு என்று சொல்லித்தரச் சில மருத்துவமனைகளின் கண் பிரிவில் தொடர்பு அலுவலர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

புலன் இழப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே இருப்பவர்களின் தேவைகள் வேறுவேறு. பிறவியிலேயே காது கேளாமல் பிரிட்டிஷ் சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், தம்மை ஒரு மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவராகவே பார்ப்பார். அவருக்கு வேண்டியது அந்த மொழியில் பேசத் தெரிந்த சமூகப் பணியாளர். அறுபதுக்கு மேல் காது மந்தமானவருக்குச் சைகை மொழி தெரியாது. ஒலி பெருக்கும் தொலைபேசியும் உதட்டசைவைப் படிக்கும் வகுப்பும் அவருக்கு உதவும். பார்வை இழந்தவருக்கு நடமாட்டமும் வாசிப்பும் முதல் கவலை. கண்ணும் காதும் இரண்டும் குன்றியவருக்கு இவற்றைக் கூட்டிக் கொடுத்தால் போதாது. காதை நம்பிச் சாலையைக் கடக்கும் உத்தி அவருக்குப் பயன்படாது, கண்ணை நம்பி உதட்டைப் படிக்கும் உத்தியும் பயன்படாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போடும் கவுன்சிலில் எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்குத்தான் முதலில் அடி விழும்.

சட்டம் எங்கே கட்டாயப்படுத்துகிறது

பார்வையற்றோர் நலனைக் கவுன்சில் கவனிக்க வேண்டும் என்பது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 1899-இல் தொடங்கிய பார்வையற்றோர் தேசியச் சங்கம் ஒரு தொழிற்சங்கம். கூடை முடைதல், தூரிகை செய்தல் போன்ற வேலைகளுக்கான தொண்டு நிறுவனப் பட்டறைகளில் மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள் அதில் இருந்தார்கள். 1920 ஏப்ரலில் நியூபோர்ட், லீட்ஸ், மான்செஸ்டர் ஆகிய ஊர்களிலிருந்து அவர்கள் லண்டனுக்கு நடந்தே போனார்கள். 'தர்மம் வேண்டாம், நீதி வேண்டும்' என்பது பதாகை. பிரதமர் லாய்டு ஜார்ஜ் அவர்களைச் சந்தித்தார். அதே ஆண்டு பார்வையற்றோர் சட்டம் வந்தது. தம் பகுதியிலுள்ள பார்வையற்றவர்களின் நலனுக்கு ஏற்பாடு செய்வது கவுன்சில்களின் கடமையானது. கவுன்சில் தானே பட்டறையும் விடுதியும் நடத்தலாம், நடத்துகிறவர்களுக்குப் பணமும் கொடுக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அரசுப் பணம், தொண்டு நிறுவனத்தின் கை என்ற இன்றைய ஏற்பாட்டுக்கு நூறு வயதாகிவிட்டது. 1948-இல் தேசிய உதவிச் சட்டம் காது கேளாதவர்களையும் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது.

இன்று ஆட்சி செலுத்துவது 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'வேண்டும்' என்று எழுதியிருப்பது எது, 'செய்யலாம்' என்று எழுதியிருப்பது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியதற்குச் சமம். பணம் குறையும்போது கவுன்சில் கத்தரிக்கோலை வைப்பது 'செய்யலாம்' பகுதியில்தான்.

பார்வை குன்றியவர்களின் பதிவேட்டைக் கவுன்சில் வைத்திருக்க வேண்டும். 77-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. காது கேளாதவர் உள்ளிட்ட மற்றவர்களுக்குப் பதிவேடு வைக்கலாம், அவ்வளவுதான். பராமரிப்புத் தேவை இருப்பதாகத் தோன்றும் எவரையும் மதிப்பீடு செய்ய வேண்டும். அவருடைய பணவசதியை வைத்து மதிப்பீட்டை மறுக்கக் கூடாது. அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ கணவருக்கோ தனியாக ஒரு மதிப்பீடு உண்டு. தேவை முற்றாமல் தடுக்கும் சேவைகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தகவலும் ஆலோசனையும் கிடைக்கச் செய்ய வேண்டும். பலவகைச் சேவை நிறுவனங்கள் தம் பகுதியில் இயங்கும்படி சந்தையைப் பேண வேண்டும் என்று ஐந்தாவது பிரிவு சொல்கிறது. கமிஷனிங்குக்கு வேர் இந்தப் பிரிவில் இருக்கிறது.

உதவிக்குத் தகுதி உண்டா என்று பார்க்க ஒரு தேசிய அளவுகோல் உண்டு. உண்பது, உடுத்துவது, வீட்டைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது, உறவுகளைப் பேணுவது, பஸ் முதலிய ஊர் வசதிகளைப் பயன்படுத்துவது எனப் பத்து விஷயங்கள். உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் இவற்றில் இரண்டையாவது செய்ய முடியாமல், அதனால் அவரது நலம் கணிசமாகப் பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு. 'முடியாது' என்பதற்கு விதி தரும் பொருளைக் கவனிக்க வேண்டும். உதவியில்லாமல் செய்ய முடிந்தாலும், அதில் ஆபத்தோ கடும் பதற்றமோ இருந்தால், அல்லது வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தால், அதுவும் 'முடியாது' கணக்கில்தான் சேரும். நம் வீட்டுப் பெரியவர்கள் மதிப்பீட்டாளர் வந்ததும், 'எல்லாம் நானே செய்துகொள்கிறேன்' என்று கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல் சொல்லிவிடுவார்கள். அடுப்பில் கை சுட்ட தழும்பை மறைத்துக்கொண்டு சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் தகுதி போய்விடும்.

வாங்கும் முறை

கல்யாணச் சமையலை ஒப்பந்தத்துக்கு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இலை விழும், எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய், பாயசம் ஒன்றா இரண்டா என்று முதலில் வீட்டார் முடிவு செய்ய வேண்டும். பிறகுதான் சமையல்காரரைக் கூப்பிட்டு விலை பேச முடியும். பந்தி நடக்கும்போது யாராவது ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இதில் எந்த இடத்தில் கோட்டை விட்டாலும் பழி சமையல்காரர் மேல் விழும். தவறு பெரும்பாலும் பட்டியல் போட்டவரிடம் இருக்கும்.

கவுன்சில் தலை எண்ணுவது எப்படி? பொதுச் சுகாதாரத் துறையும் கவுன்சிலும் சேர்ந்து தயாரிக்கும் கூட்டுத் தேவை மதிப்பீடு என்ற ஆவணம் ஒன்று. பதிவேடு இன்னொன்று. கன்சல்டன்ட் கண் மருத்துவர் ஒருவரைப் பார்வைக் குறைபாடு உடையவர் அல்லது கடும் பார்வைக் குறைபாடு உடையவர் என்று சான்றிதழில் கையெழுத்திட்டால் அதன் நகல் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் இரண்டு வாரத்துக்குள் அவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று சட்டபூர்வ வழிகாட்டுதல் சொல்கிறது. பதிவு செய்துகொள்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். பதிவு செய்யாவிட்டாலும் மதிப்பீடும் உதவியும் கேட்கலாம். கடும் குறைபாடு என்று பதிவானால் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் பாதியாகும். வருமான வரியில் கூடுதல் விலக்கும் கிடைக்கும். 'கடும்' என்பதற்கு முழு இருட்டு என்று பொருளில்லை. அப்படிப் பதிவானவர்களில் பலருக்கு ஓரளவு பார்வை இருக்கும்.

பதிவேட்டை மட்டும் நம்பித் திட்டமிடும் கவுன்சில் ஏமாறும். சான்றிதழ் வாங்காதவர்கள், கண் மருத்துவரிடமே போகாதவர்கள், காது கேளாமையை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டவர்கள் யாரும் அதில் இல்லை. பிரிட்டன் முழுவதும் பார்வை இழப்போடு வாழ்கிறவர்கள் 20 லட்சத்துக்கு மேல் என்று பார்வையற்றோருக்கான அரச தேசிய நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பதிவேடுகளில் இருப்போர் அதில் ஒரு சிறு பகுதிதான்.

வாங்கும் வழிகளுக்கு வருவோம். கவுன்சிலே ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்வது ஒன்று. ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது இன்னொன்று. தேவைப்படும்போது மணிக்கணக்கில் வாங்குவது மூன்றாவது. சைகை மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான். உள்ளூர்ச் சங்கத்துக்கு மானியம் கொடுப்பதும் உண்டு. இவை எதுவும் வேண்டாம், பணத்தை என் கையில் கொடுங்கள், உதவியாளரை நானே அமர்த்திக்கொள்கிறேன் என்று தகுதி பெற்றவர் கேட்கலாம். நேரடிப் பணம் என்ற இந்த உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஒப்பந்தம் பெரியதாக இருந்தால் வெளிப்படையாக டெண்டர் விட வேண்டும். 2025 பிப்ரவரி 24 முதல் இதற்கு 2023-ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டம் பொருந்துகிறது. சமூகப் பராமரிப்புச் சேவைகளுக்குச் சற்றுத் தளர்வான தனி விதிகள். மொத்த மதிப்பு சுமார் 6.6 லட்சம் பவுண்டைத் தாண்டும்போதுதான் அவை முழுதாகப் பிடிக்கும். புலன் இழப்புச் சேவைகளில் பல அந்த அளவை எட்டுவதே இல்லை. டெண்டரில் தரத்துக்கு இத்தனை மதிப்பெண், விலைக்கு இத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். விலையின் பங்கு ஏற ஏற, பயிற்சி பெற்றவருக்குப் பதில் பயிற்சி இல்லாதவரை அனுப்பும் நிறுவனம் ஜெயிக்கும் வாய்ப்பும் ஏறும். உள்ளூரில் பல தலைமுறைகளாக இயங்கும் பார்வையற்றோர் சங்கம், டெண்டர் படிவம் நிரப்பவே ஓர் ஆளை வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தோடு மோத வேண்டியிருக்கும். இது எனக்குச் சரியாகப் படவில்லை. படிவம் நிரப்பும் திறமையும் வெள்ளைக்கோல் கற்றுத்தரும் திறமையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறு சங்கங்கள் கூட்டாகச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். சில ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள்.

கவுன்சில் வேலையை வெளியே கொடுத்தாலும் சட்டக் கடமை அதனிடமே இருக்கும். மதிப்பீடு செய்யும் வேலையைக்கூடத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அது தவறாக நடந்தால் பதில் சொல்ல வேண்டியது கவுன்சில்தான். 'அது எங்கள் வேலை இல்லை, அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்' என்று தொலைபேசியில் யாராவது சொன்னால், மரியாதையாகவே மறுத்துப் பேசலாம்.

தாளில் இருக்கும் ஒரு வரி

ஒப்பந்தத்தோடு சேவை விவரக்குறிப்பு என்றொரு ஆவணம் இருக்கும். என்ன செய்ய வேண்டும், யாருக்கு, எத்தனை நாளுக்குள், எதை வைத்து வெற்றியை அளப்பது என்பதெல்லாம் அதில்தான். கமிஷனிங்கைப் பற்றி ஒரே ஓர் ஆவணத்தைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். எதை எண்ணுகிறார்களோ அதுதான் நடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு விவரக்குறிப்பு, 'மாதத்துக்கு இத்தனை புதிய மதிப்பீடுகள் முடிக்கப்பட வேண்டும்' என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் மதிப்பீடுகளை மளமளவென்று முடிக்கும். பயிற்றுநர் வீட்டுக்கு வருவார், கேள்வி கேட்பார், அடுப்புக் குமிழில் ஒட்ட நான்கு புடைப்புப் பொட்டும், கோப்பை நிறைந்தால் பீப் ஒலி எழுப்பும் சிறு கருவியும் கொடுப்பார், போய்விடுவார். எண்ணிக்கை நிறைவேறியது. இன்னொரு விவரக்குறிப்பு, 'பயிற்சிக்குப் பிறகு, அவரே தேர்ந்தெடுத்த ஒரு வழியில் தனியாகப் போய்வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும்' என்று கேட்கிறது. இங்கே பயிற்றுநர் ஒரு சந்திப்போடு நிறுத்த முடியாது. வீட்டு வாசலிலிருந்து கடைவரை அவரோடு நடக்க வேண்டும். எங்கே நடைபாதை சரிகிறது, எந்தச் சந்திப்பில் கூம்பு வைத்த பெட்டி இருக்கிறது, பஸ் நிறுத்தத்தின் கம்பம் கோலில் பட்டால் எப்படி ஒலிக்கும் என்று சொல்லித்தர வேண்டும். மழையில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். ஒருவருக்கான செலவு கூடும். முடிக்கும் ஆட்களின் எண்ணிக்கை குறையும். அறிக்கைத் தாளில் முதல் கவுன்சில்தான் திறமையானதாகத் தெரியும்.

இங்கே ஆறு வாரம் என்ற பொறி ஒன்று இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கை கால் தேறும்வரை தரப்படும் மீட்புச் சேவை ஆறு வாரம்வரை இலவசம். பல அலுவலகங்களில் இந்த ஆறு வாரம் எல்லா மறுவாழ்வுச் சேவைக்கும் எல்லைக்கோடாகவே மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில், பார்வை மறுவாழ்வுக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்றும், அதன் பிறகும் கட்டணமின்றித் தொடர்வதைக் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும் என்றும் சட்டபூர்வ வழிகாட்டுதல் பார்வை இழப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆறு வாரம் முடிந்துவிட்டது என்று சொல்லி நிறுத்துகிறவரிடம் இந்த இடத்தைக் காட்டலாம். துணைக் கருவிகளுக்கும், வீட்டில் செய்யும் 1,000 பவுண்டு வரையான சிறு மாற்றங்களுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் இதோடு தெரிந்திருக்க வேண்டியது. அதன் பிறகும் தொடரும் பராமரிப்புக்குத்தான் வருமான, சொத்துக் கணக்கு வரும். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் உங்களுடையது.

இந்தத் துறைக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது. முதியோர் இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையும் சோதித்து மதிப்பிடப் பராமரிப்புத் தர ஆணையம் இருக்கிறது. உடலைத் தொட்டுச் செய்யும் பராமரிப்புதான் அதன் முக்கியக் கவனம். பார்வை மறுவாழ்வுப் பயிற்சி அந்தப் பட்டியலில் தனிச் சேவையாக இல்லை. ஆகவே சோதனைக்கு வருவோரின் பார்வையில் அது எளிதில் படாது. பயிற்றுநர்களும் நாடு முழுக்கவே குறைவு. ஒரு கவுன்சிலில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் ஓய்வு பெறுகிறார் என்றால், அடுத்தவர் வரும்வரை காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். அதற்குள் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஏற்படும் செலவு வேறு துறையின் கணக்கில் விழுவதால், மிச்சம் பிடித்தவருக்கு நஷ்டம் தெரிவதில்லை.

இரண்டு புலனும் குன்றும்போது

பார்வையும் செவியும் சேர்ந்து குன்றியவர்கள் எண்ணிக்கையில் குறைவு. தேவையில் மிக ஆழமானவர்கள். 2001-லேயே இவர்களுக்கென்று அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014-இல் அது புதுப்பிக்கப்பட்டது. இவர்களை மதிப்பீடு செய்கிறவருக்கு இதற்கென்றே பயிற்சியும் நிபுணத்துவமும் இருக்க வேண்டும் என்பது இன்று விதி; பொதுவான சமூகப் பணியாளர் வந்து படிவம் நிரப்பினால் போதாது. யார் இந்தப் பிரிவில் வருவார் என்பதற்கு முற்றான குருட்டுத்தன்மையோ முற்றான செவிட்டுத்தன்மையோ தேவையில்லை. இரண்டு குறைபாடும் சேர்ந்து பேச்சுத் தொடர்பையும், தகவல் பெறுவதையும், நடமாட்டத்தையும் சிரமமாக்கினால் போதும். எண்பது வயதில் கண்புரையும் காது மந்தமும் உள்ள பலர் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள். அவர்களுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

இவர்களுக்குக் கவுன்சில் வாங்கித் தரக்கூடிய தனித்துவமான சேவை, தொடர்பு வழிகாட்டி. வீட்டு வேலை செய்வது அவர் பணியல்ல. அஞ்சலைப் படித்துச் சொல்வார், வங்கிக்குக் கூட்டிப்போவார், எதிரிலிருப்பவர் பேசுவதைக் கையில் எழுத்துக் கூட்டிச் சொல்வார். பிரிட்டனில் பயன்படும் கை எழுத்து முறையில் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் ஐந்து விரல் நுனிகளில் இருக்கின்றன. கட்டைவிரல் நுனியைத் தொட்டால் ஏ, சுட்டுவிரல் இ, நடுவிரல் ஐ, மோதிர விரல் ஓ, சுண்டுவிரல் யு. மற்ற எழுத்துகளுக்கு உள்ளங்கையும் விரல்களின் பக்கங்களும். பழகியவர்கள் சரளமாகவே உரையாடுகிறார்கள். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கோலோடு யாரையாவது பார்த்தால், அவருக்குக் கண்ணோடு காதும் குன்றியிருக்கிறது என்று பொருள். பின்னாலிருந்து சத்தம் போட்டுப் பயனில்லை.

தொடர்பு வழிகாட்டியை வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் போட்டுவிடுவது கவுன்சில்கள் செய்யும் வழக்கமான பிழை. தாளில் அதுவும் மணிநேரம், இதுவும் மணிநேரம். வந்து நிற்பவருக்கோ கை எழுத்து தெரியாது. சைகை மொழியிலும் இதே கதைதான். பேச்சு மொழிபெயர்ப்பு நிறுவனத்தோடு போடும் பெரிய ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் சைகை மொழியையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு, பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் வர வேண்டும் என்று எழுத மறந்துவிடுவார்கள். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மொழிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அங்கீகாரம் மட்டும் வந்து வீட்டுக் கதவைத் தட்டாது. ஒப்பந்த வாசகமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

தமிழ் வீடுகளில்

தெற்காசியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம். அதன் பின்னாலேயே விழித்திரைப் பாதிப்பும் வருகிறது. இங்கிலாந்தில் குடியேறிய தமிழர்களில் முதல் தலைமுறை இப்போது அந்த வயதில் இருக்கிறது. ஆனால் வாங்கப்படும் சேவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசிக்கிறது. பேசும் கடிகாரம் ஆங்கிலத்தில் மணி சொல்லும். பேசும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் வரும். கோப்பை நிறைந்தால் பீப் ஒலிக்கும் கருவிக்கு மொழியில்லை, அது பிழைத்தது. தட்டில் சோறு ஆறு மணிப் பக்கம், குழம்பு மூன்று மணிப் பக்கம் என்று கடிகார முள்ளை வைத்துச் சொல்லும் உத்தியும் வாழை இலைக்கு அழகாகப் பொருந்துவதில்லை. பயிற்றுநரிடம் நம் வீட்டுச் சமையலை, எண்ணெய்ச் சட்டியை, குக்கர் விசிலை எடுத்துச் சொன்னால், அதற்கேற்ற உத்தியைச் சொல்லித்தருவார்கள். சொல்லாவிட்டால் டோஸ்ட்டும் தேநீரும்தான் பயிற்சி.

மதிப்பீட்டின்போது மகனோ பேத்தியோ மொழிபெயர்ப்பது நம் வீடுகளில் இயல்பாக நடக்கிறது. குளியலறைச் சிரமத்தைப் பேத்தி வழியாகச் சொல்ல எந்தத் தாத்தா துணிவார்? தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தாமே பேச முடியாதவருக்கு உதவ வேறு யாரும் இல்லையென்றால், அவர் சார்பில் பேசத் தனிப் பிரதிநிதி ஒருவரையும் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். கடிதங்கள் பெரிய எழுத்திலோ, ஒலிவடிவிலோ, மின்னஞ்சலிலோ வேண்டுமென்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதைக் குறித்துவைத்து அப்படியே அனுப்புவது சுகாதாரச் சேவையின் கடமை, சமூகப் பராமரிப்பின் கடமையும்கூட. 2016 முதல் அதற்கென்று ஒரு தகவல் அணுகல் தரநிலை இருக்கிறது. பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் பற்றிய கடிதமே பொடி எழுத்தில் வரும் விந்தைக்குப் பதில் சொல்ல அது உதவும். அதிருப்தி இருந்தால் முதலில் கவுன்சிலிடம் எழுத்தில் முறையிட வேண்டும். அங்கே தீரவில்லையென்றால் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை.

தனிநபர் குறை ஒரு வீட்டைச் சரிசெய்யும். விவரக்குறிப்பில் ஒரு வரியை மாற்றினால் அந்தப் பரோவின் எல்லா வீட்டுக்கும் மாறும். அதற்கு நேரம் பார்த்துப் பேச வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை; முடிவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ இருக்கும்போது, அடுத்த விவரக்குறிப்பை எழுதத் தொடங்கும் சமயத்தில், கமிஷனிங் அதிகாரிகள் கருத்துக் கேட்பார்கள். அப்போது அந்த அறையில் பார்வை இழந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருந்தால் எண்ணெய்ச் சட்டியும் விவரக்குறிப்பில் ஏறும். அந்த நேரம் எப்போது என்று தெரிந்துகொள்ள 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். புலன் இழப்புச் சேவையின் இப்போதைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, அதன் விவரக்குறிப்பின் நகல் கிடைக்குமா, பார்வை மறுவாழ்வுக்காக இன்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவர்களில் மிக நீண்டகாலமாகக் காத்திருப்பவர் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார், கண்ணும் காதும் குன்றியவர்களை மதிப்பீடு செய்யத் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.